ஆறு புள்ளி குறைவு

மகள் இறந்து ஐந்தாவது வாரம், அவள் பெயருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லாத் தாள்களிலும் முதல் வகுப்பில் தேறியிருக்கிறாளாம். முதல் பத்தி அவளைப் பாராட்டியது. இரண்டாவது பத்தி கண்டித்தது. "தங்கள் ஆளுமை இதுவரை தொண்ணூற்று நான்கு சதவீதமே முழுமை அடைந்துள்ளது. மீதி ஆறு புள்ளிகளைத் திறன் பயிலரங்குகளில் கலந்துகொண்டு பெறாவிட்டால் பட்டம் வழங்க இயலாது. நேரமின்மை, உடல்நலக்குறைவு போன்ற வழக்கமான காரணங்கள் ஏற்கப்படமாட்டா." கையெழுத்துக்குக் கீழே சிரித்த முகம் ஒன்றை வேறு அச்சடித்திருந்தார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக மற்றவர்களை மேலே ஏற்றிவிடுகிற வேலை. அவர் படித்தது எட்டாவது வரை. மகள் புள்ளியியல் படித்தாள். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களிடமெல்லாம் "பெரிய கணக்கு" என்று சொல்லிவந்தார். நாலே நாள் காய்ச்சல். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு விடுதியிலிருந்து வந்தவள், வாரம் முடிவதற்குள் இல்லாமல் போய்விட்டாள்.

அந்த ஐந்து வாரமும் அம்மா வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் மேல் துணி மூடியபடியே கிடந்தது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். கடிதத்தை அவர் படித்துக் காட்டியதும்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வருஷம் படிச்சிருக்கா. எல்லாத்துலயும் பாஸ். அவ பேரு போட்டு ஒரு தாள் குடுக்கமாட்டாங்களாமா?" என்றாள். "எனக்கு அந்தத் தாள் வேணும்."

அவள் ஒன்று வேண்டும் என்று கேட்டதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. மறுநாளே கிளம்பினார்.

ஆளுமை முழுமை மையம் ஆறாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் "தற்காலிகப் பழுது" என்று பெயின்டில் எழுதிய பலகை தொங்கியது. தற்காலிகத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்கமாட்டார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம். படியேறிப் போனார். புள்ளிகளைக் கணினியில் ஏற்றுகிற அம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் அவரைப் புள்ளி மேடம் என்பார்கள். அப்பா நீட்டிய இறப்புச் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல அவங்க இறந்தது தெளிவா இருக்கு. ஆளுமை முழுமையானதுக்கு ஆதாரம் எதுவும் இல்லையே."

"புள்ளையே இல்லம்மா."

"புரியுது சார், ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா கம்ப்யூட்டர்ல இறந்தவங்களுக்குக் கட்டம் இல்ல. நீங்களே பாருங்க. இடையில் நின்றவர், இடம் மாறியவர், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர், ஆர்வம் குறைந்தவர். நாலுல ஒண்ணைத்தான் நான் தொட முடியும். ஆர்வம் குறைந்தவர்னு போட்டுடட்டுமா? இருக்கறதுல அதுதான் கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

"வேண்டாம்மா. அவளுக்கு ஆர்வத்துல எல்லாம் குறைச்சல் இல்ல."

புள்ளி மேடம் அவரை இயக்குநரிடம் அனுப்பினார். இயக்குநருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முழுமை. அவருடைய அறைச் சுவரில் அவரே சொன்ன பொன்மொழிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. அப்பாவை எழுந்து நின்று வரவேற்றார், கையைப் பற்றிக்கொண்டார், சொன்னதையெல்லாம் கண்ணை மூடித் தலையாட்டியபடி கேட்டார். கேட்டு முடித்ததும் பேச ஆரம்பித்தார்.

"படிப்பை யார் வேணா படிச்சுடலாம் சார். புத்தகம் இருக்கு, வாத்தியார் இருக்காங்க. மனுஷனா ஆகறதுக்குத்தான் எங்க மையம் தேவைப்படுது. நாங்க வர்றதுக்கு முன்னாடி எழுபது வருஷமா இந்தப் பல்கலைக்கழகத்துல ஆளுமையே இல்லாதவங்கதான் பட்டம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அதில் அப்பாவுக்கு மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை.

"ஆனா நாங்க இதயம் இல்லாதவங்க கிடையாது," என்று இயக்குநர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். மாணவர் நேரில் வர இயலாத நிலையில் இரத்த உறவினர் ஒருவர் அவர் சார்பில் கலந்துகொண்டு புள்ளி ஈட்டலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. வெளிநாட்டுக்கு நீச்சல் போட்டிக்குப் போன ஒரு பையனுக்காகச் செய்த விதி. அந்தப் பையனின் தகப்பனார் ஆட்சிக்குழுவில் இருந்தார். "எதனால வர இயலலைங்கறதை விதி கேட்கலை. அதுதான் இதோட அழகு. நீங்க தாராளமா வரலாம். உங்க மகளா வந்து, உங்க மகளா கலந்துக்கணும். அவ்வளவுதான்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். படியிறங்கும்போது தனக்குப் பெரிய உபகாரம் நடந்துவிட்ட மாதிரிதான் அவருக்கு இருந்தது. இந்த மாதிரி இடங்களின் சாமர்த்தியமே அதுதான். நம்முடைய பொருளை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதைத் திருப்பிக் கேட்க எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று சொன்னதற்காக நாம் நெகிழ்ந்துபோவோம்.

பயிலரங்குகள் சனிக்கிழமைகளில் நடந்தன. கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லி, லீவு மாற்றிக்கொண்டு போனார். முதல் பயிலரங்கு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கலை. வருகைப்பதிவில் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஐந்து வாரமாக அந்தப் பெயரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை. பயிற்சியாளர் இரண்டாம் தடவை கூப்பிட்டதும் எழுந்து "உள்ளேன்" என்றார். நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயசு, நரைத்த மீசை, எத்தனை கழுவினாலும் போகாத கிரீஸ் படிந்த நகம். பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். பக்கத்தில் இருந்த பெண் அவன் காதில் என்னவோ சொன்னாள். அதோடு சிரிப்பு நின்றது.

மேடையில் ஏறி ஒரு நிமிஷம் பேச வேண்டும். மகளாகப் பேச வேண்டும். மகள் பெயரைச் சொன்னார். வயசு இருபத்தொன்று என்றார். "எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கம்மா டெய்லர். எனக்குக் கணக்குப் பிடிச்சிருந்தது. நகம் கடிக்கிற பழக்கம் இருந்தது..." அதற்குமேல் வரவில்லை. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்.

பயிற்சியாளர் குறைகளை எடுத்துச் சொன்னார். பார்வை தரையிலேயே இருக்கிறது. உடல்மொழியில் உற்சாகம் இல்லை. "இன்னொண்ணு, இருந்தது, இருந்ததுன்னு பேசாதீங்க. கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். பிடிக்கும், இருக்குன்னு சொல்லிப் பாருங்க. உங்களுக்கே வித்தியாசம் தெரியும்."

அவர் சொல்லிப் பார்த்தார். வித்தியாசம் தெரிந்தது. போய்த் தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். தொண்ணூற்று ஐந்து.

அடுத்த வாரம் நேர மேலாண்மை. பயிற்சியாளர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, நேரம் என்பது நம் மனதில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்து, தம்மைக் கூட்டிப்போகக் கார் வந்துவிட்டதும் பாதியில் முடித்தார். அதற்கு அடுத்த வாரம் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி. எல்லோரும் வட்டமாக நின்று பத்து நிமிஷம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். பல் தெரிந்தால்தான் புள்ளி. பார்த்துக் குறித்துக்கொள்ள வரிசைக்கு ஒரு மாணவி. அப்பா தம்மால் ஆனமட்டும் முயன்றார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார், அது வேறு எங்கோ திரும்பிப் போய்விட்டது. குறித்துக்கொண்டிருந்த பெண் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், வாயை மட்டும் திறந்து வைங்க, போதும். நான் போட்டுடறேன்."

அந்தக் கட்டடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பயிற்சி அதுதான்.

வீட்டுக்குப் போனதும் அம்மா "இன்னும் எத்தனை?" என்று கேட்பாள். நாலு, மூணு என்று இவர் சொல்வார். மூன்றாவது வாரம் தையல் மெஷின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு, பல்லைக் காட்டச் சொன்னாலும் குட்டிக்கரணம் போடச் சொன்னாலும் செய்வது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

நாலாவது வாரம் தலைப்பே அவரைக் கலங்கடித்தது. "ஐந்தாண்டுகளில் நான்." ஒரு தாளைக் கொடுத்து, ஐந்து வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள், என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். அவர் பயிற்சியாளரிடம் போய், இதை மட்டும் விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எழுதப் பயப்படறீங்கன்னா எதிர்காலத்தைப் பத்தித் தெளிவு இல்லைன்னு அர்த்தம்," என்றார் பயிற்சியாளர். "இலக்கு இல்லாதவங்களுக்குத்தான் இந்தப் பயிலரங்கே."

"தெளிவு இருக்கு சார். அதனாலதான் கேக்கறேன்."

"அப்ப எழுதுங்க. தயக்கத்தை உடைங்க."

தயக்கத்தை உடைத்துக்கொண்டு எழுதினார். பக்கத்து ஊரில் வேலை. தினமும் வீட்டுக்கு வந்துபோகிற தூரம். ஸ்கூட்டர், சிவப்பு கலர். அம்மாவின் கண்ணுக்கு நல்ல டாக்டர். அப்பாவை மெஷின் ரூம் ஏணியில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு இப்போது அவசரம் இல்லை. நகம் கடிப்பதை விட்டுவிட்டேன். தாள் நிறைந்து பின்பக்கமும் போய்விட்டது; மணி அடித்தபிறகும் எழுதிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் வாங்கிப் படித்துவிட்டுப் பச்சை மையில் குறிப்பெழுதினார். "மிக நன்று. நடைமுறைக்கு ஏற்ற இலக்குகள். விடாமுயற்சி இருந்தால் அனைத்தும் சாத்தியமே."

அம்மா அந்தத் தாளை ஜன்னலோரம் வைத்துப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள். பிறகு, "ஸ்கூட்டர் சிவப்பு வேண்டாம், அவ நீலம்தான் கேட்டா," என்றாள்.

ஐந்தாவது வாரம் நெருக்கடி மேலாண்மை. அதை நடத்துகிறவர் பத்து நாட்டில் போய்ப் பேசியவர் என்று பேனர் சொன்னது. அவர் வருகிறார் என்பதற்காக லிஃப்டின் பலகையைக் கழற்றியிருந்தார்கள், பலகையை மட்டும்தான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நெருக்கடி நிபுணரோடு லிஃப்ட் நின்றுபோனது. உள்ளேயிருந்து கதவை உதைக்கிற சத்தமும், "யாராவது இருக்கீங்களா, மூச்சு முட்டுது, ஐயோ அம்மா" என்ற அலறலும் ஆறாவது மாடி வரை கேட்டன. மையத்து ஆட்கள் வாசலில் கூடி, இது மையத்தின் பொறுப்பா கட்டடப் பராமரிப்பின் பொறுப்பா என்று விவாதித்தார்கள்.

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் இருந்த லிஃப்ட் மெஷின் ரூமுக்கு ஏறினார். மெயின் ஸ்விட்சை அணைத்தார். பிரேக்கைக் கையால் விடுவித்து, சக்கரத்தைச் சுற்றி, அங்குலம் அங்குலமாக லிஃப்டை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்தார். கீழே வந்து கதவைத் திறந்துவிட்டார். நிபுணர் தரையில் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் கண்ணீர். அவரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, "ஒண்ணும் ஆகாது சார், கயிறு அறுந்தாக்கூட பெட்டி விழாது, பிடிச்சுக்கும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் மூச்சு சீரானபிறகுதான் கைகழுவப் போனார்.

கிரீஸைக் கழுவிவிட்டு அரங்குக்கு வந்தபோது நிபுணர் மேடையில் இருந்தார். பதறாமல் இருப்பது எப்படி என்று முதல் பத்து நிமிஷம் பேசி முடித்திருந்தார். வருகைப்பதிவும் முடிந்துவிட்டது. மகள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று போட்டாகிவிட்டது. அப்பா நிபுணரைப் பார்த்தார். நிபுணர் கூரையைப் பார்த்தார்.

"லிஃப்ட் ரிப்பேர் எங்க பாடத்திட்டத்துல இல்லையே சார்," என்று புள்ளி மேடம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடுத்த வாரம் நன்றி சொல்லும் கலை இருக்கு. அதுக்கு வந்துடுங்க."

நன்றி சொல்லும் கலையையும், அதற்கடுத்து வண்ணக் காகிதங்களை ஒட்டித் தலைமைப் பண்பை வளர்க்கும் கலையையும் அவர் முடித்தார். நூறு. மகளின் ஆளுமை, அவள் போய் மூன்று மாதம் கழித்து, முழுமை அடைந்தது.

அதற்கு ஒரு விழா. முழுமை பெற்றவர்களையெல்லாம் அரங்கில் உட்காரவைத்து இயக்குநர் பேசினார். அப்பாவை முன்வரிசைக்கு அழைத்துவந்து எழுந்து நிற்கச் சொன்னார்.

"மழை, காய்ச்சல், பஸ் வரலை. என்னென்ன காரணம் சொல்றீங்க நீங்கள்லாம்! இந்த மாணவியைப் பாருங்க. தொண்ணூத்தி நாலுல நின்னாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு நடந்தது நம்ம யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனா அதை ஒரு காரணமா சொன்னாங்களா? இல்லை! ஏழு வாரத்துல நூறு. சொல்லப்போனா உயிரோட இருந்தப்ப இருந்ததைவிட இப்பத்தான் அவங்க வருகைப்பதிவு நல்லா இருக்கு. இதுதான் எங்க மையத்தோட சாதனை. அடுத்த வருஷ அறிமுகக் கையேட்டோட அட்டையில இவங்க படம்தான்."

கைதட்டல் எழுந்தது. அப்பாவும் கைதட்டினார். எல்லோரும் தட்டும்போது சும்மா நின்றால் புள்ளியைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம்.

பட்டச் சான்றிதழ் புள்ளி மேடத்தின் மேஜையில் தயாராக இருந்தது. தடித்த தாள், நடுவில் மகளின் பெயர். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு தொடப் போனார்.

"ஒரே ஒரு கையெழுத்து சார்," என்று மேடம் ஓர் அட்டையை முன்னால் நகர்த்தினார். "வராத நாளுக்கெல்லாம் உங்க பொண்ணு காரணம் எழுதியிருப்பாங்க. அது ஏற்கத்தக்கது இல்லைன்னு ஒப்புக்கிட்டு ஒரு கையெழுத்து. அப்பத்தான் கோப்பை மூட முடியும்."

மகளின் ஆளுமை அட்டை அது. கடைசி வருஷத்தில் ஆறு சனிக்கிழமை வரவில்லை என்று சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, காரணம் என்ற இடத்தில், அவளுடைய சாய்ந்த கையெழுத்து. "அப்பாவுக்கு லீவு." அடுத்ததும் "அப்பாவுக்கு லீவு." அதற்கடுத்ததும் அதுவே. ஆறாவதில் மட்டும், எழுதி அலுத்துப்போனவளாக, "அதே காரணம்தான்" என்று எழுதியிருந்தாள்.

அவருடைய கம்பெனியில் வார லீவு சுற்றி வரும். சனிக்கிழமை அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் விழும். வருஷத்துக்கு ஆறு. அந்த ஆறு சனிக்கிழமையும் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். "கிளாஸ் இல்லப்பா" என்பாள். அவரும் நம்பினார்.

அட்டையின் அடியில் அச்சடித்திருந்தது: "மேற்கண்ட காரணங்கள் அற்பமானவை என்பதையும், அந்நாட்கள் வீணாக்கப்பட்டன என்பதையும் உணர்ந்து வருந்துகிறேன்." அப்பா பேனாவை எடுத்தார். அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"சும்மா போட்டுட்டுப் போங்க சார்," என்றார் மேடம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சுட்டேனேம்மா."

மேடத்திடம் அதற்குக் கட்டம் இல்லை. இயக்குநர் ஓடிவந்தார். முதலில் கெஞ்சினார், பிறகு விதியைக் காட்டினார், கையேட்டின் அட்டை அச்சுக்குப் போய்விட்டதே என்று பதறினார். "ஆறு நாள் வீணாப் போச்சுன்னு ஒப்புக்கறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அப்பா சான்றிதழில் இருந்த பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தார். அட்டையை மட்டும் மடிக்காமல் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பின்னாலிருந்து யாரோ அட்டை கோப்பின் சொத்து என்று கத்தினார்கள். அவர் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"கிடைச்சுதா?"

"இல்ல."

"நூறு ஆயிடுச்சுன்னீங்களே?"

"ஒரு கையெழுத்து கேட்டாங்க. போடலை."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏழு வாரம் போனீங்க. பல்லைக் காட்டச் சொன்னாங்க, காட்டினீங்க. காகிதம் ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினீங்க. ஒரு கையெழுத்து போடறதுக்குக் கை வலிச்சுதா? நான் என்ன கேட்டேன் உங்ககிட்ட? ஒரு தாள்தானே கேட்டேன்?"

அவர் அட்டையை நீட்டினார். அவள் கோபத்தோடு வாங்கினாள். கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். விரலை ஓட்டி ஓட்டி ஆறு வரியையும் படித்தாள், அடியில் அச்சடித்ததையும் படித்தாள்.

"கிளாஸ் இல்லம்மான்னு சொல்லுவாளே," என்றாள்.

"ஆமா."

"திருட்டுக் கழுதை." அழுதுகொண்டே சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேதி படிங்க. எனக்குச் சரியாத் தெரியலை," என்றாள்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் தேதியை அவளே கண்டுபிடித்தாள்: மழை பிடித்துக்கொண்டு, மாடியில் காய்ந்த சீருடைத் துணிகளை எடுக்க மூன்று பேரும் ஓடிய நாள். அடுத்தது, அப்பாவும் மகளும் மிக்சியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தது. "ஊர் லிஃப்டெல்லாம் ரிப்பேர் பண்றவர்," என்று அம்மா அன்றைக்கு மாதிரியே சொன்னாள். பிறகு அவருக்குக் கண்ணாடி வாங்கப் போனது. அடுத்தது சமையலறைக்குப் பச்சைப் பெயின்ட் வாங்கிவந்து ஒரு சுவரோடு நிறுத்தியது. கழுத்து சுளுக்கி அவர் நாளெல்லாம் படுத்திருந்ததும், மகள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரைக்கும் படித்துக் காட்டியதும் ஐந்தாவது.

"கடைசி, மார்ச் ஏழு," என்றார்.

இரண்டு பேரும் யோசித்தார்கள். கடைக்குப் போனோமா? இல்லை, அது வேறு நாள். யாராவது வந்தார்களா? வந்த மாதிரி இல்லை. அவள் என்ன போட்டுக்கொண்டிருந்தாள்? அவர் லிஃப்ட் கம்பெனி டைரியை எடுத்துப் புரட்டினார். அந்தத் தேதியில் லீவு என்று மட்டும் எழுதியிருந்தது.

"என்ன சமைச்சேன்னுகூட வரலையே," என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் மூணு மாசம்தானே இருந்தா. எப்படிங்க ஞாபகம் இல்லாமப் போகும்?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டோம். அதான் வரலை. சும்மா வீட்டுல இருந்திருப்போம்."

"மூணு பேருமா?"

"ஆமா," என்றார் அப்பா. "மூணு பேருமாத்தான்."